சினைப்பையில் நீர்க்கட்டி என்று எதிர்பாராமல் தெரியவந்தால்: பதற்றத்தைக் கையாள ஒரு முழுமையான வழிகாட்டி

வயிற்றுவலிக்காகவோ, சிறுநீரகக் கல் இருக்கிறதா என்று பார்க்கவோ, முழு உடல் பரிசோதனையின் ஒரு பகுதியாகவோ ஸ்கேன் எடுக்கப்போன பெண்ணின் கையில், சற்றும் எதிர்பாராத ஒரு வரியோடு ரிப்போர்ட் வந்து சேர்வது கடலூரிலும் புதுச்சேரியிலும் அன்றாடம் நடப்பதுதான். வலது சினைப்பையில் கட்டி, இத்தனை மில்லிமீட்டர் என்று அதில் எழுதியிருக்கும். ஸ்கேன் எடுத்தவர் “டாக்டரிடம் காட்டுங்கள்” என்பதோடு முடித்துக்கொள்வார். டாக்டரைப் பார்க்க இரண்டு நாளோ ஒரு வாரமோ ஆகலாம். அதன் பிறகும், பெரும்பாலானவர்களுக்குக் கிடைக்கும் பதில் “சில வாரம் கழித்து மறுபடி ஸ்கேன் எடுத்துப் பார்க்கலாம்” என்பதுதான். இந்தக் காத்திருப்பில் மனம் படும் பாட்டைக் குறித்துத்தான் இந்த வழிகாட்டி.

“ஒன்றும் ஆகாது, கவலைப்படாதே” என்று எத்தனை பேர் சொன்னாலும் இந்தப் பயம் போவதில்லை. எந்த வகைக் கட்டி, அடுத்து என்ன செய்யவேண்டும், அதை எந்தத் தேதியில் செய்யவேண்டும், எந்த அறிகுறி வந்தால் காத்திருக்கக் கூடாது என்ற நான்கும் தெளிவாகும்போதுதான் மனம் அடங்கத் தொடங்குகிறது என்பது என் உறுதியான எண்ணம். அப்படியும் அடங்காத பதற்றம் இருந்தால், அது தனியாக வைத்தியம் பார்க்கவேண்டிய ஒன்று. அதற்கும் வழி உண்டு.

முதல் படி: ரிப்போர்ட் வந்த அன்று

படபடப்பு, கை சில்லிடுவது, வயிற்றைப் பிசைவது, அடிக்கடி சிறுநீர் வருவது, தூக்கம் பிடிக்காதது ஆகிய எல்லாம் அதிர்ச்சியான செய்திக்கு உடல் காட்டும் இயல்பான எதிர்வினைகள். இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. வயிறு உப்புசமும் அடிக்கடி சிறுநீர் வருவதும் பெரிய நீர்க்கட்டியின் அறிகுறிகளாகவும் சொல்லப்படுபவை. ஆகையால், நேற்றுவரை எந்தத் தொந்தரவும் இல்லாத பெண் ரிப்போர்ட்டைப் படித்த மறுநாளே அடிவயிறு கனப்பதாக உணர்ந்து, கட்டி ஒரே இரவில் வளர்ந்துவிட்டதோ என்று நடுங்கிப்போகிறார். பதற்றமே இந்த அறிகுறிகளை உண்டாக்கும் என்று தெரிந்திருப்பது அன்றைக்குப் பாதி ஆறுதல்.

மூக்கு வழியாக மனத்துக்குள் நான்கு எண்ணும் வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும் வரை மெதுவாக வெளியே விடுங்கள். இதை ஐந்து நிமிடம் தொடர்ந்து செய்யவேண்டும். வெளிவிடும் மூச்சு நீளும்போது இதயத் துடிப்பு தணியும். அதனால்தான் இழுப்பதைவிட விடுவதற்கு அதிக எண்ணிக்கை. படுத்துக்கொண்டு செய்வதைவிட, நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு பாதங்களையும் தரையில் ஊன்றிச் செய்வது பலருக்கு எளிதாக இருக்கிறது.

அன்று எந்தப் பெரிய முடிவையும் எடுக்கவேண்டாம். வேலைக்கு நீண்ட விடுப்பு சொல்வது, நிச்சயித்த திருமணத்தைத் தள்ளிவைப்பது, உறவினர் அனைவருக்கும் ரிப்போர்ட்டை வாட்ஸ்அப்பில் அனுப்புவது ஆகியவை டாக்டரைப் பார்த்த பிறகு யோசிக்கவேண்டியவை. நம்பிக்கையான ஒருவரிடம் மட்டும் சொல்லுங்கள். பசி இல்லாவிட்டாலும் ஒரு கிண்ணம் தயிர்சாதமாவது சாப்பிட்டுவிட்டுப் படுங்கள். வெறும் வயிறு படபடப்பைக் கூட்டும்.

இரண்டாம் படி: ரிப்போர்ட்டைச் சரியாகப் படிப்பது

மாதவிலக்கு வரும் வயதில் ஒவ்வொரு மாதமும் சினைப்பையில் நீர் நிறைந்த ஒரு சிறு பை வளர்ந்து, ஏறக்குறைய 20 மில்லிமீட்டர் அளவை எட்டியதும் வெடித்து முட்டையை வெளிவிடுகிறது. வெடிக்காமல் தொடர்ந்து வளர்ந்தால் அதுவே நீர்க்கட்டி. வெடித்த பிறகு அந்த இடத்தில் உருவாகும் திசுவில் நீரோ இரத்தமோ தேங்கினாலும் கட்டியாகத் தெரியும். இவ்விரண்டும் உடலின் மாதாந்திர வேலையின் மிச்சங்கள். பெரும்பாலும் இரண்டு மூன்று மாதவிலக்குகளுக்குள் தாமாகவே மறைந்துவிடும். கர்ப்பத்தின் தொடக்க மாதங்களில் எடுக்கும் ஸ்கேனில் தெரியும் கட்டிகளில் பல இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தவை.

அளவைப் படிக்கும்போது அலகைக் கவனியுங்கள். 45 x 38 என்று எழுதியிருப்பதைப் பார்த்து மிரண்டுபோகிறவர்கள் உண்டு. அது மில்லிமீட்டர் கணக்கு. 45 மில்லிமீட்டர் என்பது நாலரை சென்டிமீட்டர், அதாவது ஓர் எலுமிச்சம்பழத்தின் அளவு.

அடுத்து, கட்டியின் தன்மையைச் சொல்லும் சொற்கள். “சிம்பிள் சிஸ்ட்”, “அனெக்கோயிக்”, “தின் வால்” என்றிருந்தால், உள்ளே தெளிந்த நீரும் வெளியே மெல்லிய சுவரும் கொண்ட எளிய கட்டி என்று பொருள். “ஹெமரேஜிக்” என்றால் உள்ளே இரத்தம் கசிந்திருக்கிறது. கேட்கப் பயமாக இருந்தாலும் இதுவும் பெரும்பாலும் சில வாரங்களில் கரைந்துவிடும். “டெர்மாய்டு” பிறவியிலேயே தங்கிய செல்களிலிருந்து வளர்வது, உள்ளே கொழுப்பும் முடியும்கூட இருக்கும். தானாகக் கரையாது, ஆனால் ஏறத்தாழ எப்போதுமே புற்றுநோய் அல்லாதது. “எண்டோமெட்ரியோமா” அல்லது “சாக்லேட் சிஸ்ட்” என்பது கருப்பையின் உட்சவ்வைப் போன்ற திசு சினைப்பையில் வளர்வதால் வருவது. மாதவிலக்கு வலியோடும் குழந்தைப்பேற்றோடும் தொடர்புள்ளதால் இதற்குத் தனித் திட்டம் தேவை. “செப்டேஷன்” என்பது கட்டிக்குள் இருக்கும் தடுப்புச் சுவர். “சாலிட் காம்போனென்ட்” என்பது உள்ளே இருக்கும் கெட்டியான பகுதி. இந்தக் கடைசி இரண்டில் எது இருந்தாலும் டாக்டரைச் சீக்கிரம் பார்க்கவேண்டும். புற்றுநோய் என்று அதற்குள் பொருள் கொள்ளக் கூடாது. பிசிஓடி என்பது இவற்றிலிருந்து வேறுபட்ட ஹார்மோன் சிக்கல். அதில் பல சிறு பைகள் தெரியும். தனிக் கட்டியின் வைத்தியமும் அதன் வைத்தியமும் ஒன்றல்ல.

பிரிட்டனின் மகப்பேறு மருத்துவர்களுக்கான ராயல் கல்லூரி 2011-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, மாதவிலக்கு நிற்காத பெண்களுக்கு 5 சென்டிமீட்டருக்கு உட்பட்ட எளிய நீர்க்கட்டி இருந்தால் பொதுவாகத் தொடர் ஸ்கேன்கூடத் தேவையில்லை. 5 முதல் 7 சென்டிமீட்டர் வரை ஆண்டுக்கொரு முறை ஸ்கேன். அதற்கு மேல் என்றால் எம்ஆர்ஐ அல்லது அறுவைசிகிச்சை குறித்து யோசிக்கலாம். மாதவிலக்கு நிற்காத பெண்ணுக்குத் தொந்தரவு தரும் சினைப்பைக் கட்டி புற்றுநோயாக இருக்கும் வாய்ப்பு ஏறத்தாழ ஆயிரத்தில் ஒன்று, 50 வயதை நெருங்கும்போது ஆயிரத்தில் மூன்று என்றும் அதே ஆவணம் சொல்கிறது. மாதவிலக்கு நின்றவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அவர்கள் அளவு சிறியது என்று விட்டுவிடாமல் டாக்டரைப் பார்க்கவேண்டும்.

சினைப்பைப் புற்றுநோய் இருக்குமோ என்ற ஐயத்தில் எடுக்கப்படும் சிஏ 125 இரத்தப் பரிசோதனையைப் பற்றியும் சொல்லவேண்டும். 35-க்கு மேல் என்றால் அதிகம் என்று ரிப்போர்ட்டில் தடித்த எழுத்தில் வரும். ஆனால் மாதவிலக்கு நாட்கள், எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பையின் உட்சவ்வைப் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளர்வது), ஃபைப்ராய்டு (கருப்பைத் தசைக்கட்டி), கர்ப்பம், இடுப்புப் பகுதியில் தொற்று, வயிற்றுக் காசநோய் ஆகியவற்றிலும் இது கூடும். எளிய நீர்க்கட்டி உள்ள இளம்பெண்ணுக்கு இந்தப் பரிசோதனை பொதுவாக அவசியமில்லை. டாக்டர் கேட்காமல் தாமாகவே லேபுக்குப் போய் எடுத்து, 48 என்று வந்த எண்ணைப் பார்த்து உறக்கமிழப்பது தவிர்க்கக்கூடிய துன்பம்.

மூன்றாம் படி: டாக்டரைச் சந்திப்பது

மகளிர் நோய் மருத்துவரைப் பாருங்கள். கடலூரில் இருப்பவர்களுக்கு அரசு தலைமை மருத்துவமனையும், புதுச்சேரியில் இருப்பவர்களுக்கு எல்லைப்பிள்ளைச்சாவடியிலுள்ள ராஜீவ் காந்தி அரசு மகளிர் மற்றும் குழந்தைகள் மருத்துவமனையும் உண்டு. கட்டியின் தன்மை சிக்கலானது என்று தோன்றினால் புதுச்சேரி கோரிமேட்டிலுள்ள மத்திய அரசு மருத்துவமனையான ஜிப்மருக்கு அனுப்புவார்கள். அரசு மருத்துவமனைகளில் புறநோயாளிச் சீட்டு காலையில்தான் தருவார்கள் என்பதால், கடலூரிலிருந்து பேருந்தில் போகிறவர்கள் விடியற்காலையிலேயே கிளம்புவது நல்லது.

டாக்டரின் முன் உட்காரும்போது கேட்க நினைத்ததெல்லாம் மறந்துபோகும். வெளியே வந்து செருப்பை மாட்டும்போது ஒவ்வொன்றாக நினைவுக்கு வரும். அதனால் முந்தைய நாளே ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். என் கணிப்பில் இவைதான் இன்றியமையாத கேள்விகள்: இது எந்த வகைக் கட்டி என்று நினைக்கிறீர்கள்? இதற்கு இப்போது சிகிச்சை வேண்டுமா, கவனித்தால் போதுமா? அடுத்த ஸ்கேன் எந்தத் தேதியில், மாதவிலக்கின் எத்தனையாவது நாளில்? எந்த அறிகுறி வந்தால் உடனே வரவேண்டும்? குழந்தைப்பேற்றை இது பாதிக்குமா? வீட்டு வேலை, உடற்பயிற்சி, தாம்பத்தியம் ஆகியவற்றில் எதையாவது தவிர்க்கவேண்டுமா?

பதில்களை அங்கேயே எழுதிக்கொள்ளுங்கள், அல்லது உடன் வந்தவரை எழுதச் சொல்லுங்கள். கடைசி மாதவிலக்குத் தேதி, ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரைகள், தாய்க்கோ உடன்பிறந்தவர்களுக்கோ மார்பகப் புற்றுநோய் அல்லது சினைப்பைப் புற்றுநோய் வந்திருந்தால் அந்த விவரம் ஆகியவற்றை அவர் கேட்கும் முன்பே சொல்லிவிடுங்கள். கழற்சிக்காய்ப் பொடி போன்ற நாட்டு மருந்து சாப்பிடுவதையும் மறைக்கவேண்டாம். திருமணமாகாதவர்களுக்கு வயிற்றின் மேலிருந்தே ஸ்கேன் எடுக்கலாம். பிறப்புறுப்பு வழியாக எடுக்கும் ஸ்கேன் வேண்டாம் என்று சொல்லும் உரிமை எல்லாப் பெண்களுக்கும் உண்டு.

கருத்தடை மாத்திரை கொடுத்தால் கட்டி சீக்கிரம் கரையும் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. ஏற்கெனவே உருவான கட்டியை அது வேகமாகக் கரைப்பதில்லை என்றே ஆய்வுகளின் தொகுப்பு காட்டுகிறது. அதனால் டாக்டர் மாத்திரை எதுவும் எழுதாமல் அனுப்பினால், அலட்சியப்படுத்திவிட்டார் என்று நினைத்துவிட வேண்டாம். பார்த்துக்கொண்டிருப்பதும் தெரிந்தே எடுத்த மருத்துவ முடிவு.

நான்காம் படி: காத்திருக்கும் வாரங்கள்

உண்மையான சிரமம் இங்கேதான். முதல் நாளின் அதிர்ச்சி ஓய்ந்து, சுற்றியிருப்பவர்களும் மறந்துவிட்ட பிறகு, தனிமையில் திரும்பத் திரும்ப எழும் கேள்விகளை எதிர்கொள்ளவேண்டியிருக்கும்.

முதலாவதாக, கவலைப்படுவதற்கென்று ஒரு நேரத்தை ஒதுக்குங்கள். மாலை ஆறு மணிக்கு இருபது நிமிடம் என்று வைத்துக்கொள்ளலாம். பகலில் பயம் எழும்போது அதை ஒரு நோட்டில் ஒரு வரியாக எழுதி, ஆறு மணிக்குப் பார்க்கலாம் என்று மூடிவிடவேண்டும். “கட்டி வெடித்துவிட்டால் என்ன செய்வது?”, “கருப்பையையே எடுத்துவிடுவார்களோ?”, “பெண் பார்க்க வருகிறவர்களிடம் என்ன சொல்வது?” என்று வரிகள் சேரும். ஆறு மணிக்கு அந்த நோட்டைத் திறந்து, ஒவ்வொரு வரியின் எதிரிலும் இது டாக்டரிடம் கேட்கவேண்டியது, இது நான் இப்போதே செய்யக்கூடியது, இது அந்த ஸ்கேன் வரும்வரை யாராலும் சொல்லமுடியாதது என்று குறியுங்கள். மூன்றாம் வகைதான் அதிகமாக இருக்கும். அதைக் கையால் எழுதிப் பார்ப்பதால், விடையில்லாத கேள்விக்கு விடை தேடி இரவெல்லாம் விழித்திருக்கும் பழக்கம் மெல்லத் தளர்கிறது. கவலையை அடக்கச் சொல்லும் முறை அல்ல இது; அடக்க முயன்றால் கவலை இரட்டிப்பாகத் திரும்பும். எப்போது கவலைப்படுவது என்பதை நாமே தீர்மானிக்கும் முறை. சிந்தனை, நடத்தை சார்ந்த மனநல சிகிச்சையில் நெடுங்காலமாகப் பயன்படுவது.

இரண்டாவதாக, கைபேசித் தேடல். இரவு பதினொரு மணிக்குத் தேடத் தொடங்கினால், எளிய நீர்க்கட்டியில் தொடங்கும் வழி மூன்று நான்கு பக்கங்களில் புற்றுநோயில் போய் முடியும். அங்கே எழுதியிருப்பது பொய் என்பதால் அப்படி நடப்பதில்லை. உங்கள் வயது, உங்கள் கட்டியின் தன்மை, உங்கள் ரிப்போர்ட் எதுவும் அந்தப் பக்கத்துக்குத் தெரியாது என்பதால் நடக்கிறது. தேடியே ஆகவேண்டும் என்றால் பகலில், பதினைந்து நிமிடம், எழுதிவைத்த ஒரே ஒரு கேள்விக்கு மட்டும் தேடுங்கள். படுக்கையறைக்குக் கைபேசியைக் கொண்டுபோகவேண்டாம்.

மூன்றாவதாக, அடிவயிற்றை அழுத்திப் பார்க்கும் பழக்கம். குளிக்கும்போதும் படுக்கும்போதும் கட்டி தட்டுப்படுகிறதா என்று அழுத்திப் பார்ப்பவர்கள் பலர். சிறிய சினைப்பைக் கட்டியை வெளியிலிருந்து விரலால் உணரமுடியாது. திரும்பத் திரும்ப அழுத்துவதால் அந்த இடம் வலிக்கும். வலி புதிய பயத்தைக் கிளப்பும். அழுத்தத் தோன்றும் ஒவ்வொரு முறையும் கையை எடுத்து ஒரு தம்ளர் தண்ணீர் குடித்து, பத்து நிமிடம் தள்ளிப்போடுங்கள். பெரும்பாலும் அந்த உந்துதல் அதற்குள் தணிந்துவிடும்.

மனவுளைச்சலால் அந்த மாத விலக்கு சில நாட்கள் தள்ளிப்போகலாம். நீர்க்கட்டியாலும் தள்ளலாம். கர்ப்பத்துக்கு வாய்ப்பிருந்தால் முதலில் அதைச் சோதித்துவிடுங்கள். இல்லையென்றால் தேதியைக் குறித்துவைத்து டாக்டரிடம் சொன்னால் போதும்.

நடைப்பயிற்சி பதற்றத்துக்கு நல்ல மருந்து. மாலையில் வண்டிகளை நிறுத்திவிடும் புதுச்சேரிக் கடற்கரைச் சாலையிலோ, கடலூர் தேவனாம்பட்டினம் வெள்ளிக் கடற்கரையிலோ அரைமணி நேரம் நடக்கலாம். தெருவிலேயே நடந்தாலும் பயன் ஒன்றுதான். கட்டி பெரியதாக இருந்தால் குதித்தல், பாரம் தூக்குதல், உடலை முறுக்கும் ஆசனங்கள் ஆகியவற்றை டாக்டரைக் கேட்டுவிட்டே செய்யவேண்டும். மதியத்துக்கு மேல் காபியைக் குறைத்தால் இரவில் படபடப்பும் குறையும். வீட்டில் வேறொருவருக்கு எழுதிக்கொடுத்த தூக்க மாத்திரையை வாங்கிப் போட்டுக்கொள்வது கூடவே கூடாது.

ஐந்தாம் படி: வீட்டாரிடமும் உறவினரிடமும் பேசுவது

யாரிடம் எவ்வளவு சொல்வது என்பது உங்கள் உரிமை. கணவரிடமும் அம்மாவிடமும் முழுமையாகச் சொல்லலாம். மற்றவர்களுக்கு “சின்னக் கட்டி, டாக்டர் கவனித்துக்கொண்டிருக்கிறார்” என்ற ஒரு வாக்கியம் போதும். “என் நாத்தனாருக்கும் இப்படித்தான் இருந்தது, கடைசியில்…” என்று தொடங்குபவர்களை “அப்புறம் பேசலாம் அக்கா, டாக்டர் இப்போதைக்கு எதையும் யோசிக்கவேண்டாம் என்றிருக்கிறார்” என்று மரியாதையாகவே நிறுத்தலாம்.

திருமணமாகாத பெண்களின் வீடுகளில் இதை வெளியே தெரியாமல் மூடிவைக்க நினைப்பார்கள். மகளின் நலனில் உள்ள அக்கறையால் வருவதுதான் அது. ஆனால் அந்த மறைப்பு, தனக்கு வெட்கப்படத்தக்க ஏதோ நேர்ந்துவிட்டது என்ற எண்ணத்தை அந்தப் பெண்ணின் மனத்தில் விதைத்துவிடுகிறது. உறவினருக்குச் சொல்லாமல் இருக்கலாம்; வீட்டுக்குள் குரலைத் தாழ்த்திப் பேசவேண்டியதில்லை. ஸ்கேனுக்கு அவளைத் தனியே அனுப்பவேண்டாம். வயிறு முட்டத் தண்ணீர் குடித்துவிட்டு, சிறுநீரை அடக்கிக்கொண்டு, பெரும்பாலும் கர்ப்பிணிகள் அமர்ந்திருக்கும் வரிசையில் பெயர் கூப்பிடும்வரை உட்கார்ந்திருப்பது எந்த வயதிலும் தனியாகச் செய்யக் கடினமானது. கணவன்மார்களுக்கும் இதையே சொல்வேன்: ஆறுதல் சொல்லத் தெரியாவிட்டால் பரவாயில்லை, கூடப் போங்கள், கேள்வித் தாளைக் கையில் வைத்திருங்கள்.

ஆறாம் படி: எப்போது காத்திருக்கக் கூடாது

அடிவயிற்றின் ஒரு பக்கத்தில் திடீரென்று கடும் வலி, அதோடு வாந்தி வந்தால் கட்டியின் கனத்தால் சினைப்பை முறுக்கிக்கொண்டிருக்கலாம். அதற்குச் செல்லும் இரத்த ஓட்டம் தடைப்படுவதால், மணிக்கணக்கில் தாமதித்தாலே சினைப்பையை இழக்கும் நிலை வரலாம். வலியோடு காய்ச்சல், தலைசுற்றல், மயக்கம், உடல் வெளிறிக் குளிர்வது, மிகையான இரத்தப்போக்கு ஆகியவற்றில் எது வந்தாலும் இரவென்றும் பகலென்றும் பாராமல் 108-ஐ அழைத்து அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள். இந்த வரிகளைத் தாளில் எழுதிக் குளிர்பதனப் பெட்டியின் மேல் ஒட்டிவைத்தால், இதில் இல்லாத ஒவ்வொரு சிறு வலிக்கும் பதறவேண்டியதில்லை என்ற தெளிவும் கிடைக்கும்.

ஏழாம் படி: பதற்றம் அடங்காவிட்டால்

இரண்டு வாரம் கடந்தும் பெரும்பாலான நாட்களில் தூங்கமுடியாமல், சாப்பிடமுடியாமல், வேலையில் மனம் செல்லாமல் இருந்தாலோ, திடீர் திடீரென்று நெஞ்சடைத்து உயிர்போவதுபோன்ற பயம் வந்தாலோ மனநல உதவியை நாடுங்கள். மத்திய அரசின் டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட சேவை இது. நேரில் போக விரும்பினால் ஜிப்மரில் மனநல மருத்துவத் துறை இருக்கிறது. அங்கே போவதால் கட்டியைப் பற்றிய உங்கள் கவலை கற்பனை என்று ஆகிவிடாது. கட்டிக்கு ஒரு மருத்துவர், பதற்றத்துக்கு ஒரு மருத்துவர், அவ்வளவுதான். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் எப்போதாவது தலைகாட்டினால், அன்றே அந்த எண்ணை அழையுங்கள். வீட்டில் ஒருவரிடம் சொல்லி அவரை உடன் வைத்துக்கொள்ளுங்கள்.

எட்டாம் படி: அறுவைசிகிச்சை என்று சொன்னால்

கட்டி பெரியது, கரையவில்லை, வலி தருகிறது, தன்மை ஐயத்துக்குரியது என்பன போன்ற காரணங்களுக்காக அறுவைசிகிச்சை சொல்லப்படலாம். இளம் வயதினருக்குப் பெரும்பாலும் லேப்ராஸ்கோப்பி முறையில் சிறு துளைகள் வழியாகக் கட்டியை மட்டும் எடுத்து, சினைப்பையைக் காப்பாற்றவே முயல்வார்கள். ஒரு சினைப்பையை எடுக்க நேர்ந்தாலும், மற்றொன்று நன்றாக இருந்தால் மாதவிலக்கும் கருத்தரிப்பும் தொடர வாய்ப்புண்டு. எதை எடுப்பார்கள், எதை விடுவார்கள், எடுத்ததைப் பயாப்சிக்கு அனுப்புவார்களா என்று ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடும் முன் கேளுங்கள். அவசரமில்லாத நிலையில் இன்னொரு மருத்துவரின் கருத்தைக் கேட்பதில் தவறில்லை. எந்த நல்ல டாக்டரும் அதற்கு வருந்தமாட்டார். செலவைப் பற்றிய பயமும் பதற்றத்தின் பெரும்பகுதி என்பதால், முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை இருந்தால் அதை எடுத்துப்போய் மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் முன்கூட்டியே விசாரித்துவிடுங்கள்.

ஒன்பதாம் படி: மறு ஸ்கேன் நாள்

மாதவிலக்கு முடிந்த உடனான நாட்களில் எடுத்தால் அந்த மாதத்தின் புதிய பைகள் குழப்பாது. டாக்டர் சொன்ன நாளையே பின்பற்றுங்கள். முடிந்தால் முன்பு எடுத்த அதே சென்டரில் எடுத்து, பழைய ரிப்போர்ட்டையும் படங்களையும் ஸ்கேன் எடுப்பவரிடம் முதலிலேயே கொடுங்கள். ஒப்பிட்டுப் பார்க்க அது வேண்டும். முந்தைய சில நாட்களில் பதற்றம் மீண்டும் ஏறும். அது வரும் என்று எதிர்பார்த்து அந்த வாரத்தில் வேறு பெரிய வேலைகளை வைத்துக்கொள்ளாதீர்கள்.

இரண்டு மூன்று மில்லிமீட்டர் கூடியிருந்தால் அது வளர்ச்சிதான் என்று முடிவுகட்டவேண்டாம். எடுப்பவரையும் கோணத்தையும் பொறுத்து அளவு அந்த அளவுக்கு மாறக்கூடியது. கட்டி மறைந்திருந்தால், இனி ஸ்கேன் தேவையா என்று கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். அப்படியே இருந்தால் மூன்றாம் படியின் கேள்விகளையே மீண்டும் கேளுங்கள். குறிப்பாக அடுத்த தேதியை வாங்காமல் அறையை விட்டு வெளியே வராதீர்கள். எல்லா ரிப்போர்ட்களையும் தேதிவாரியாக ஒரே கோப்பில் வைத்து, மேலட்டையில் கட்டி இருந்த பக்கம், அளவு, பார்த்த தேதி மூன்றையும் எழுதிவையுங்கள். பல ஆண்டுகள் கழித்து வேறு ஊரில் வேறு டாக்டர் கேட்கும்போது, நினைவிலிருந்து சொல்லித் தடுமாறாமல் கோப்பை நீட்டினால் போதும்.